மரண விசாரணையும் காலதாமதமும்

இறந்தவர் வாய் திறந்து பேசார். அவர் எங்ஙனம் இறந்தார், அவ்விறப்புக்கு யாரேனும் காரணராயினரா என்பதை அவர் பொருட்டுக் கேட்டறியும் கடமையை நாகரிக அரசுகள் சட்டத்தின் வாயிலாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அக்கடமை நிறைவேறும் முறைக்கே மரண விசாரணை என்று பெயர். நம்மிற் பலர் அதனைப் பத்திரிகையில் ஒரு வரிச் செய்தியாகப் படித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம். நம் வீட்டு வாயிலிலோ அயலார் வாயிலிலோ அது வந்து நிற்கும்போதுதான் அதன் இயல்பையும், அதிலே நேரும் தாமதத்தின் கொடுமையையும் உணர்கின்றோம். கல்லூரியின் மலரிலே இத்தகைய துயரப் பொருளை எடுத்துக்கொள்வது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். நாளைய வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் நிருவாகிகளும் இன்று நம் வகுப்பறைகளிலேதான் இருக்கின்றனர்; ஆதலால் இதனிலும் பொருத்தமான இடம் வேறில்லை என்பதே எமது துணிபு.

உடுவிலில் ஒரு வீடு

உடுவிலின் செம்மண் தோட்டமொன்றுக்கு விடியற்காலையில் நீர் இறைக்கச் சென்ற ஒருவர் கிணற்றடியில் இறந்து கிடக்கக் காணப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மாரடைப்பு நேர்ந்திருக்கலாம்; நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து மின்சாரம் தாக்கியிருக்கலாம்; பாம்பு தீண்டியிருக்கலாம்; பிறர் செய்த தீங்காகவும் இருக்கலாம். கண்டவர் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவிக்கின்றார். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பிரேதத்தையும் சூழலையும் பார்வையிடுகின்றார். உற்றாரிடம் வாக்குமூலம் பெறுகின்றார். காரணம் தெளிவாகாதவிடத்துப் பிரேதம் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுகின்றது. அங்கே சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை நடத்துகின்றார். குற்றம் நிகழ்ந்ததென்ற ஐயம் எழுமாயின் விடயம் மல்லாகம் நீதவான் நீதிமன்றுக்குச் செல்கின்றது.

இவையெல்லாம் நடைபெறும்போது வீட்டிலே நிகழ்வது யாது? முற்றத்திற் பந்தல் இட்டாயிற்று. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தொலைபேசியில் ‘எப்பொழுது எடுப்பு?’ என்று வினவிக்கொண்டிருக்கின்றனர். குருக்களுக்கு நேரம் சொல்ல முடியவில்லை. பிரேதம் வீடு வந்து சேரும்வரை கிரியை இல்லை. கிரியை முடியும்வரை அடுப்பு மூட்டுவாரில்லை. எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நாட்கணக்கைப் பற்றி நிற்பன. விடுமுறை நாளும் ஞாயிற்றுக்கிழமையும் குறுக்கிட்டால், வைத்தியர் ஒருவரே பல வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பாயிருந்தால், அந்நாட்கள் நீளுகின்றன. இது தாமதத்தின் முதற் படி. கண்ணுக்குத் தெரிவது இதுவொன்றே. இதற்குப் பின்னே வரும் படிகள் வெளியார் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இம்முறையின் வரலாறு

மரண விசாரணை அதிகாரி என்னும் பதவி இங்கிலாந்திலே 1194இல், முதலாம் றிச்சாட் மன்னன் ஆட்சிக்காலத்தில் தோன்றியது. கொரோனர் என்னும் அப்பெயரே முடிக்குரிய காரியங்களைக் காப்பவன் என்னும் கருத்துடையது. தொடக்கத்தில் அவ்வதிகாரியின் நோக்கம் இறந்தவருக்கு நீதி தேடுவதன்று. இறப்பினால் அரசனுக்குச் சேரவேண்டிய வருவாயைத் தவறவிடாது திரட்டுவதே. ஒருவரைக் கொன்ற வண்டியோ விலங்கோ அரசனுடைமையாகும் என்ற வழக்கம் அந்நாட்டிலே 1846 வரை நிலவியது. காலஞ் செல்லச் செல்ல வருவாய் நோக்கம் மறைந்து, உண்மை காணும் நோக்கமே எஞ்சி நின்றது.

ஆங்கிலேயர் இம்முறையைத் தாம் ஆண்ட நாடுகளுக்கும் கொணர்ந்தனர். இந்தியாவில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் உரியதாக 1871இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இன்று இந்தியாவில் இவ்விசாரணையைப் பெரும்பாலும் பொலிசாரே முதலில் நடத்துகின்றனர்; காவலில் நேரும் மரணம் போன்றவற்றை நீதவான் விசாரிக்கின்றார். இலங்கையிலே 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவை நெடுங்காலம் வழங்கியது. 1973இல் நீதி நிருவாகச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பின்னர் வந்த 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது.

சட்டம் கூறுவது

அச்சட்டத்தின் 370ஆம் பிரிவு இவ்விடயத்துக்கு உயிர்நாடி. ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்றோ, விலங்கினால், இயந்திரத்தினால் அல்லது விபத்தினால் உயிரிழந்தார் என்றோ, திடீரென அல்லது அறியப்படாத காரணத்தால் இறந்தார் என்றோ அறிவித்தல் கிடைத்தால், விசாரணை அதிகாரி உடனடியாகப் பிரேதம் கிடக்குமிடத்துக்குச் செல்லவேண்டும். காயம், முறிவு, கண்டல் முதலிய அடையாளங்களை விவரித்து, இறப்புக்குத் தோன்றும் காரணத்தை எழுதவேண்டும். அவ்வறிக்கையைத் தாமதமின்றி அண்மையிலுள்ள நீதவானுக்கு அனுப்பவேண்டும். குற்றம் நிகழ்ந்ததென நியாயமான ஐயம் அதிற் புலப்பட்டால் நீதவான் மேல் நடவடிக்கை எடுப்பார்.

பொலிசுக் காவலிலோ, சிறையிலோ, மனநோய் வைத்தியசாலையிலோ, குட்டநோய் வைத்தியசாலையிலோ ஒருவர் இறந்தால் 371ஆம் பிரிவின்படி நீதவானே பிரேதத்தைப் பார்வையிட்டு விசாரித்தல் வேண்டும். இதன் நியாயம் வெளிப்படை. ஒருவனைத் தன் பிடியில் வைத்திருந்தவர்களே அவன் எப்படி இறந்தான் என்பதற்குச் சாட்சியும் தீர்ப்பாளரும் ஆதல் தகாது.

மரண விசாரணை குற்ற வழக்கன்று என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அதிலே எதிரி இல்லை; தண்டனையும் இல்லை. இறந்தவர் யார், எங்கே, எப்பொழுது, எக்காரணத்தால் இறந்தார் என்னும் வினாக்களுக்கே அங்கு விடை தேடப்படுகின்றது. இயற்கை மரணம், விபத்து, தற்கொலை, கொலை என்பவற்றுள் ஒன்றாக முடிவு அமையலாம். எதுவும் துணியப்படாதவிடத்து முடிவு திறந்ததாகவே விடப்படும்.

சட்டத்தின் தொடக்கத்திலே ‘உடனடியாக’ என்னும் சொல் உண்டு. அறிக்கை அனுப்புமிடத்திலே ‘தாமதமின்றி’ என்னும் சொல் உண்டு. ஆனால் முழு விசாரணையும் இத்தனை நாளுள் முடிந்தாக வேண்டும் என்ற எல்லை அங்கே வகுக்கப்படவில்லை. தொடக்கம் விரைவாகவே நிகழ்கின்றது. முடிவோ மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் தள்ளிப்போகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான் வழக்குகள் தேங்குகின்றன.

தாமதம் பிறக்கும் இடங்கள்

முதலாவது, வைத்திய வல்லுநர் பற்றாக்குறை. உயிருள்ளோருக்கு மருத்துவம் செய்யும் துறைகளை நாடும் மாணவர் தொகைக்குச் சட்ட வைத்தியத்தை நாடுவோர் தொகை ஈடாகாது. சட்ட வைத்திய அதிகாரி பிரேத அறையோடு தம் பணியை முடித்துக்கொள்பவர் அல்லர். அடிபட்டோரையும் வன்முறைக்கு ஆளானோரையும் பரிசோதிக்கின்றார். பல நீதிமன்றுகளிற் சாட்சி சொல்லச் செல்கின்றார். அவர் சாட்சிக் கூண்டில் நிற்கும் நாளில் அவர் எழுதவேண்டிய அறிக்கைகள் மேசையிற் குவிகின்றன.

இரண்டாவது, பகுப்பாய்வு. நஞ்சு உண்டதாக ஐயம் எழுந்தால் இரைப்பையினதும் ஈரலினதும் பகுதிகள், குருதி முதலியன அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படுகின்றன. அது இருப்பது மேல் மாகாணத்தில். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பொதிகள் அங்கே வந்து சேர்கின்றன. போதைப்பொருள் வழக்குகளின் மாதிரிகளும் அதே வாயிலிற் காத்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்து மரணத்தின் முடிவு அந்த வரிசையின் நீளத்தைப் பொறுத்தே அமைகின்றது.

மூன்றாவது, விசாரணை அதிகாரிகளின் நிலை. திடீர் மரண விசாரணை அதிகாரிகள் பெரும்பாலும் முழுநேர உத்தியோகத்தர் அல்லர். ஊரிலே மதிப்புடையோராய், வேறு தொழிலும் உடையோராய் இருந்து இப்பணியை ஏற்பவர்கள். நள்ளிரவில் அழைத்தாலும் செல்லும் அவர்களுடைய தொண்டு போற்றற்குரியது. ஆயினும் சட்டத்திலோ வைத்தியத்திலோ முறையான பயிற்சியின்றி ஒருவர் பிரேதத்தின்மேலுள்ள அடையாளங்களை வாசிப்பதெங்ஙனம்?

நான்காவது, மொழி. வடக்கிலே நீதிமன்றப் பதிவுகள் தமிழில் நடைபெறுகின்றன. வைத்திய அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. தந்தையின் மரண காரணத்தை மகன் பிறர் வாயாற் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. உடுவிலுக்கு அயலூராகிய மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியக் கல்வியைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் இரசாயனத்தையும் தமிழ் நூல்களாக்கி வெளியிட்டார். அவர் நடந்து காட்டிய வழி நம் வீட்டுப் படலையிலேயே தொடங்குகின்றது. அவ்வழியே ஒரு பக்க அறிக்கைச் சுருக்கத்தையேனும் தமிழில் தருதல் இயலாத காரியமன்று.

தாமதத்தின் விலை

இறப்பு முறையாகப் பதிவாகாமல் மரண அத்தாட்சிப் பத்திரம் இல்லை. அப்பத்திரமின்றி விதவைக்கு ஓய்வூதியம் இல்லை, வங்கிப் பணம் இல்லை, காப்புறுதி இல்லை, காணியுறுதி மாற்றம் இல்லை. பத்திரம் கிடைத்தாலும் மரண காரணம் ‘விசாரணையில்’ என்று நின்றால், காப்புறுதிக் கோரிக்கையும் நட்டஈட்டு வழக்கும் முன்னேறுவதில்லை. பள்ளிக் கட்டணத்துக்கும் தோட்டக் கடனுக்கும் இவ்வரிசை தெரியாது.

பொருளிழப்பிலும் கொடியது ஐயத்தின் வேதனை. முடிவு தெரியாத வீட்டிலே ஒருவரையொருவர் நோக்கும் பார்வையும் மாறுகின்றது. மருமகளை மாமியும், அயலவனை அண்ணனும் உள்ளத்தால் விசாரித்துத் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். அரசின் விசாரணை தாமதிக்கும்போது ஊரின் வதந்தி முந்திக்கொள்கின்றது.

சாட்சியமும் காத்திருப்பதில்லை. காயத்தின் நிறம் மாறுகின்றது; நஞ்சு சிதைகின்றது; கண்டவர் மறக்கின்றனர், அல்லது வெளிநாடு செல்கின்றனர். விரைந்த பரிசோதனையின் பயனை நம் அயலிலே 2016 ஒக்டோபரில் கண்டோம். அம்மாதம் 20ஆந் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மோட்டார் சைக்கிளிற் செல்லும்போது உயிரிழந்தனர். அவ்விருவருள் ஒருவர் கந்தரோடையைச் சேர்ந்தவர். விபத்தென்றே முதலிற் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையிலே துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டது. அடுத்த நாளே பொலிசார் ஐவர் கைதாயினர். அப்பரிசோதனை காலந்தாழ்த்தியோ கவனமின்றியோ நடந்திருந்தால், அது விபத்தாகவே ஏட்டில் ஏறியிருக்கக் கூடும்.

மரண விசாரணை உயிரோடிருப்போரையும் காக்கின்றது. இலங்கையிலே தற்கொலை வீதம் 1995இல் ஓரிலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாய் நின்றது. மரணப் பதிவுகளை ஆராய்ந்தோர் பூச்சிகொல்லி நஞ்சே பெருங் காரணமெனக் கண்டனர். மிகக் கொடிய நஞ்சுகள் 1995ஐ ஒட்டியும், பரக்குவாற்று முதலியன 2008 தொடக்கம் 2011 வரையும் தடைசெய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஒவ்வொரு விசாரணை ஏடும் தன்னளவிற் சிறியது. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது அவை பல்லாயிரம் உயிர்களைக் காத்தன. ஏடு காலந்தாழ்த்தி முடிந்தால் அப்பாடமும் காலந்தாழ்த்தியே கிடைக்கும்.

விசாரணையே இல்லாத காலமும் செம்மணியும்

தாமதத்தைப் பற்றிப் பேசுகையில், விசாரணை அறவே விலக்கப்பட்ட காலத்தை மறைத்தல் நேர்மையன்று. 1983 ஜூன் 3ஆந் திகதி கொணரப்பட்ட 15ஏ என்னும் அவசரகால ஒழுங்குவிதி, மரண விசாரணையின்றியே பிரேதங்களைப் புதைக்கவும் எரிக்கவும் இடமளித்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் தந்த காவல் நான்கே ஆண்டுகளில் இவ்வாறு நீக்கப்பட்டது. அந்நாள் தொடங்கிய கணக்கு இன்னும் தீரவில்லை.

1996 செப்டெம்பரிலே செம்மணிக் காவலரணில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிச் சென்ற தாயாரும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே 1998 ஜூலையில் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினருள் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான பிரேதங்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றிற் கூறினார். 1999இல் நடந்த அகழ்விலே 15 பேரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அதன்பின் அவ்விடயம் உறங்கிப்போயிற்று. 2025 பெப்ரவரியிலே அரியாலைச் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எரியூட்டும் மேடை அமைக்க நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் தென்பட்டன. நீதிமன்றின் மேற்பார்வையில் அவ்வாண்டு மே மாதத்தில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் வரையில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு குழந்தையினுடைய எச்சத்தோடு நீல நிறப் பள்ளிப் பையொன்றும் காணப்பட்டது. ஓகஸ்ட் 5ஆந் திகதி, அங்கு கிடைத்த பொருள்கள் அடையாளங் காண்பதற்காக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் அன்னையர் அவற்றின் முன்னே நின்ற காட்சியை எழுத்தில் வடித்தல் எளிதன்று. 1999க்கும் 2025க்கும் இடையே 26 ஆண்டுகள். அக்காலத்துள் தேடிய பெற்றோர் பலர் தாமே இறந்துபோயினர்.

எனினும் இங்கே அவசரமும் ஆபத்தே. மன்னார் நகரிலே 2018இல் வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் இருந்தன. அவற்றுட் சிலவற்றின் மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. 2019இல் வந்த முடிவு அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று கூறிற்று. அம்முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆய்வு எத்துணை நுட்பமாக நிகழவேண்டும், நம் நாட்டிலேயே அதற்கு வசதி எத்துணை வேண்டும் என்பதை அது காட்டுகின்றது. நுட்பத்துக்கு வேண்டிய காலம் தாமதமன்று. யாரும் தொடாமல் ஏடு அலுமாரியிற் கிடக்கும் காலமே தாமதம்.

பிற நாட்டு அனுபவம்

இம்முறை பிறந்த இங்கிலாந்தும் இக்குறைக்கு விலக்கன்று. 1989 ஏப்ரில் 15ஆந் திகதி கில்சுபரோ விளையாட்டரங்கின் நெரிசலிற் சிக்கியோரின் மரணம் 1991இல் விபத்தென முடிவாயிற்று. உறவினர் ஓயவில்லை. 2012இல் அம்முடிவு நீக்கப்பட்டது. 2016இல் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்னும் முடிவு வந்தது. 27 ஆண்டுகள் சென்றன. ஆனால் அந்நாடு ஒரு பாடத்தையும் கற்றது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தலைமை மரண விசாரணை அதிகாரி ஒருவர் உளர். 2013ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணை இயன்றவரை ஆறு மாதத்துள் முடிதல் வேண்டும். ஓராண்டைத் தாண்டியவற்றை அத்தலைவருக்கு அறிவித்தல் வேண்டும். இதனால் அங்கே தேக்கம் ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் எத்தனை விசாரணைகள் தேங்கியுள்ளன என்பதையேனும் எவரும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணப்படாத குறைக்கு மருந்து தேடுவாரும் இலர்.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்கள் அரசின் கையிலுள்ளன. வடமாகாணத்துக்கென ஒரு பகுப்பாய்வுக்கூடம், சட்ட வைத்தியருக்குக் கூடிய இடங்கள், விசாரணை அதிகாரிகளுக்கு முறையான பயிற்சி, காலவெல்லையைச் சட்டத்திலேயே வகுத்தல், ஓராண்டு கடந்த விசாரணைகளின் எண்ணிக்கையை வெளியிடுதல் என்பன அவற்றுட் சில. காணாமற்போனோர் பொருட்டு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் மரணப் பதிவுக்கும், ஒருவர் காணப்படவில்லை என்று சான்றுரைக்கும் பத்திரத்துக்கும் வழி செய்துள்ளன. பத்திரம் வயிற்றுக்குச் சோறிட உதவலாம். ‘என் மகனுக்கு என்ன நேர்ந்தது?’ என்ற வினாவுக்கு அது விடையாகாது.

நாம் செய்யத்தக்கனவும் உள. திடீர் மரணம் நேர்ந்த இடத்திலே பொருள்களைத் தொடாது விடுவதும், பிரேதத்தைக் கழுவித் துடைக்க முந்தாது இருப்பதும், அறிந்ததை அறிந்தபடி சொல்வதும் ஒவ்வொருவர் கடமை. ‘ஏன் வீண் தொல்லை, இயற்கை மரணமென்றே எழுதுவிப்போம்’ என்று அதிகாரியை நெருக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது இரக்கம் போலத் தோன்றினும் இறந்தவருக்குச் செய்யும் அநீதியே. விசாரணை இலக்கத்தையும் திகதியையும் குறித்துவைத்து, உரிய அலுவலகத்தில் முறையாகக் கேட்டறிதல் குடும்பத்தாரின் உரிமை. சட்டம் கற்ற பழைய மாணவர்கள் ஏழைக் குடும்பங்களுக்காக இக்கேள்வியை இலவசமாய் எழுதிக் கொடுத்தால் அது பேரறம்.

இறுதியாக, மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வைத்தியராக விரும்பும் நீங்கள் சட்ட வைத்தியத் துறையை ஒதுக்கிவிடாதீர்கள். நோயாளியின் நன்றி அத்துறையிற் கிடைப்பதில்லை, புகழும் குறைவு. ஆயினும் பேச இயலாத ஒருவருக்காகப் பேசும் தொழில் அதனிற் சிறந்தது வேறு எது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அதனைக் கற்பிக்கின்றது. பிரேத அறையின் வாயிலில் நிற்கும் ஒரு தாய்க்கு, ‘அம்மா, இன்று மாலை எடுத்துச் செல்லலாம், காரணம் இதுதான்’ என்று அவள் மொழியிலேயே சொல்லக்கூடிய வைத்தியர் ஒருவரை நம் கல்லூரி தருமாயின், இவ்விழா ஆண்டு தந்த பயன்களுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படும்.